முதுகிற் பருக்கள்: வருமுன் காத்தலும் வந்தபின் தீர்த்தலும்

(நமது சங்கத்தின் சாரற்காலக் குடும்பக் கூட்டத்தில், குற்றாலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாரற்காலத்தில் நம்மனோர் குடும்பத்தோடு இங்குக் கூடுங்கால், சொற்பொழிவு நிகழ்த்துவோர் குறவஞ்சியின் நயத்தையோ திருக்குற்றாலத் தலச்சிறப்பையோ பொருளாகக் கொள்ளுதல் வழக்கம். தமிழாசிரியராகிய யாமும் அவற்றுள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம் என்று பலர் எண்ணி வந்திருத்தல் கூடும். ஆயின் இம்முறை செயலாளர் அவர்கள் நம் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். யாம் மருத்துவரல்லேம்; எனினும் இருபதாண்டுக்கு மேலாகப் பதினான்கு முதற் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு நாடோறும் பழகி வருகின்றோம். அவர்கள் பெற்றோரிடமும் கூறாது மறைக்கும் துன்பம் ஒன்றுண்டு. அதுவே இன்றைய பொருள். முதுகில் உண்டாகும் பருக்களைப் பற்றியே பேசப்போகின்றோம். நகைக்கற்க. இதனால் எத்தனை பிள்ளைகள் மனம் நைந்து கிடக்கின்றனர் என்பதை அறியின் ஒருவரும் நகையார்.

பேரருவியின் ஒலி கேட்கும் இவ்விடத்திருந்தே காரணம் கூறுவோம். அருவி, ஆடவர் மேலாடை களைந்து நீராடும் இடம். பள்ளிப் பிள்ளைகளை இங்கு அழைத்து வருங்கால், மேல்வகுப்பு மாணாக்கருள் ஒரு சிலர் சட்டையோடே நீரில் நிற்பர். வேறு சிலர் கரையிலமர்ந்து ஏனையோர் பைகளுக்குக் காவலிருப்பர். கேட்டால் தலைவலி என்பர். தண்ணீர் ஒவ்வாது என்பர். திருச்செந்தூரிற் சட்டை களைந்தன்றோ ஆடவர் திருமுன் செல்லல் வேண்டும்? அங்கும் உடன்வர மறுக்கும் மைந்தர் உளர். தந்தையர் இதனைப் பத்தியின்மை என்று கருதிச் சினந்துகொள்கின்றனர். பத்தியின்மையன்று, முதுகிற் பரு. பெண்மக்களோ இன்னும் இடர்ப்படுகின்றனர். இரவிக்கையின் பின்கழுத்தை மேலே ஏற்றித் தைக்கச் சொல்லியும், கூந்தலை விரித்து மறைத்தும், மணநாள் குறித்தபின் எவரெவரோ கூறிய களிம்பையெல்லாம் பூசியும் அல்லலுறுகின்றனர். அக்களிம்புகளால் வரும் கேடே யாம் இன்று முதன்மையாக எடுத்துச் சொல்ல விரும்புவது. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

முதுகிற்பட்ட புண்ணைப் பண்டைத் தமிழர் பெரும்பழியாகக் கருதினர். வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பிற் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியதற்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் என்பது நாம் அறிந்த வரலாறே. அந்நாணம் வேந்தர்க்கு உரியது. பதினாறு வயதுப் பிள்ளையின் முதுகிற் பூக்கும் பருவுக்கு அத்துணை நாணம் வேண்டுவதில்லை. அஃது அவன் செய்த பிழையுமன்று, அழுக்குடைமையின் அடையாளமுமன்று.

பரு என்னும் சொல்லே பருத்தல் என்னும் வினையடியாக வந்தது. தோலில் உள்ளடங்கி நிற்பது ஒன்று பருத்துத் தோன்றுதலின் அப்பெயர் பெற்றது. அவ்வாறு பருப்பது யாது? நம் தோலின் மயிர்க்கால்கள்தோறும் சிறு நெய்ச்சுரப்பி உண்டு. அது சுரக்கும் நெய்ப்பசை மயிர்க்காலின் வழியே மேலேறித் தோலை வறளாது காக்கின்றது. முகம், மார்பு, தோள், முதுகின் மேற்பாகம் ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் மிகுதி. பூப்பெய்தும் பருவத்தில் ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஆண்மைச் சுரப்புநீர் பெருக, நெய்ப்பசையும் பெருகுகின்றது. அதே வேளையில் மயிர்க்காலின் உட்புறத்து உதிரும் தோற்செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், முன்னரே தோலில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் பல்கிப் பெருகி, அழற்சியை உண்டாக்குகின்றது. சிவந்த பருவும், சீழ்கொண்ட பருவும், ஆழ்ந்த கட்டியும் இவ்வாறு தோன்றுவனவே. அடைப்பின் முனையிற் காணும் கருமையை அழுக்கென்று பலர் கருதுவர். அது தோலின் நிறப்பொருள் காற்றுப்பட்டுக் கறுத்தது. எத்துணை தேய்த்தாலும் போகாது.

முகத்திற் பருவுடையார் பலர்க்கு முதுகிலும் உண்டு. ஆயினும் முகத்தை நாள்தோறும் கண்ணாடியிற் காண்கின்றோம், முதுகைக் காண்பதில்லை. முதுகின் தோல் தடித்தது, கை எட்டாதது, நாள் முழுதும் ஆடையால் மூடப்பட்டு வியர்வையில் ஊறுவது. ஆதலின் பரு ஆங்கு முற்றிய பின்னரே தெரியவருகின்றது. முதுகு, தோள், நடுமார்பு ஆகிய இடங்களில் ஏற்படும் புண் ஆறுங்கால், தோல் மிகைபட வளர்ந்து தடித்த தழும்பாய் நிலைத்துவிடுதலும் எளிது. நம்மைப் போன்ற கருநிறத்தார்க்கு அது மிகுதி. பருவைக் கிள்ளாதே, பிதுக்காதே என்று மருத்துவர் கூறுவது இதுபற்றியே.

இனிக் குற்றாலத்து நீராட்டுக்கு வருவோம். ஆனி முதல் ஆவணி வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்றும் சாரலும் வருங்கால், எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்றலைப் பெரும்பேறாகக் கருதுவார் பலர். உடல் முழுதும் எண்ணெய் பிடித்துவிடும் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இங்கு வாழ்ந்தன. அவர்தம் கைத்திறனை யாம் குறைகூற வரவில்லை. தசைநோவு உடையார்க்கு அஃது இதமே. ஆனால் பருவுடைய முதுகிற்கு அது தீங்கு. மயிர்க்காலின் வாய் முன்னரே அடைபட்டிருக்க, அதன்மேல் நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ அழுந்தத் தேய்த்து அரைமணி ஊறவைப்பின், அடைப்பு மேலும் இறுகும். எண்ணெய்ப் பூச்சுக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பு மேனாட்டிலும் ஆராயப்பட்டதொன்று. தலைமயிர்க்கு நெய்க்குழம்பு பூசும் வழக்கமுடையாரின் நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் பரு தோன்றுதலை 1970-இல் பிலெவிக், ஃபுல்ட்டன், கிளிக்மன் என்னும் மூவர் எடுத்துரைத்தனர். நெற்றிக்கு நேர்வது முதுகிற்கும் நேருமன்றோ?

அருவி நீரின் வேகம் எண்ணெயைக் கழுவிவிடும் என்பார் உளர். வெறுந்தண்ணீர் எண்ணெயைக் கரைப்பதில்லை. சீயக்காயோ சவர்க்காரமோ அருவியிற் பயன்படுத்தலுமாகாது. எண்ணெய், சவர்க்காரம், சீயக்காய் முதலியவற்றை அருவிகளிற் பயன்படுத்தலைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ஆம் ஆண்டிலேயே தடுத்து ஆணையிட்டுள்ளது. நீரின் தூய்மை கருதிப் பிறந்த அவ்வாணை நம் முதுகிற்கும் நன்றே செய்தது. குற்றாலத்து நீர் மூலிகை கலந்தது, ஆதலின் பருவைத் தீர்க்கும் என்ற பேச்சும் உண்டு. தண்ணீர் குளிர்ச்சி தரும், வியர்வையைப் போக்கும், உள்ளத்தை மலர்விக்கும். பருவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை.

நீராட்டினும் நீராடியபின் நாம் செய்வதே பெருங்கேடு. பேரருவியில் நனைந்த ஆடையோடே ஐந்தருவிக்குச் செல்கின்றோம். அங்கிருந்து பழைய குற்றாலத்துக்கு. காலையில் நனைந்த சட்டை மாலை வரை முதுகோடு ஒட்டிக் கிடக்கின்றது. தென்காசியிலும் செங்கோட்டையிலும் சாரற்காலத்தில் துவைத்த துணி இரண்டு நாளாயினும் உலர்வதில்லை. அரையுலர்வான உட்சட்டையைப் பள்ளிக்கு நேரமாயிற்று என்று பிள்ளைகள் அணிந்து செல்கின்றனர். ஈரமும் சூடும் அழுத்தமும் ஒருங்கே கூடிய தோலிற் செதில்கள் ஊறிப் பருத்து அடைப்பை மிகுவிக்கின்றன. ஆதலின் அருவிக்கு வருவோர் மாற்றாடை இரண்டு கொண்டுவருக. ஓர் அருவியினின்று மற்றோர் அருவிக்குச் செல்லுமுன் முதுகைத் துவட்டி உலர்ந்த ஆடை அணிக. இல்லத்திற்கு மீண்டபின் நன்னீரில் ஒருமுறை மென்மையான சவர்க்காரம் கொண்டு குளிக்க. எண்ணெய் முழுக்கை விடமுடியாத பெரியோர் இல்லங்களில், பருவுடைய பிள்ளைக்குத் தலையளவில் எண்ணெய் வைத்து, முதுகிற் படாமற் காத்து, அன்றே முற்றக் கழுவிவிடுக. தீபாவளி ஒரு நாளைக்கு யாம் விலக்கு அளித்தோம் என்று கொள்க! திருமணத்திற்கு முன் நடக்கும் நலங்கிற்கு மட்டும் அவ்விலக்கில்லை. எண்ணெயும் மஞ்சளும் கலந்து முரட்டுக் கைகளால் மணமக்கள் முதுகைத் தேய்க்கும் அத்தைமாரும் மதினிமாரும் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

தலைக்குச் சீயக்காயோ ஷாம்புவோ இட்டு அலசும்பொழுது அந்நீர் முதுகின் வழியே வழிகின்றது. மயிரை மென்மைப்படுத்தும் குழம்புகள் முதுகிற் படிந்து அடைப்பை உண்டாக்குதலும் உண்டு. ஆதலின் தலையை முதலில் அலசி முடித்து, கூந்தலை முன்னே தள்ளிக்கொண்டு, முதுகை இறுதியிற் கழுவுக. பீர்க்கங்கூடு கொண்டு அழுந்தத் தேய்த்தலை விடுக. தேய்க்கத் தேய்க்கப் பரு ஒழியும் என்பது நம் நாட்டிற் பரவிய தவறான கொள்கை. தேய்ப்பால் தோல் புண்பட்டு அழற்சி மிகுமேயன்றிக் குறையாது. பாசிப்பயற்று மாவை விரலால் மெல்லத் தடவிக் கழுவுதலிற் குற்றமில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கக் காற்பந்து ஆடுவோர் தோளில் அணியும் காப்புக்கவசம் அழுத்தும் இடங்களிற் பரு மிகுதலை 1975-இல் மில்சு, கிளிக்மன் என்னும் மருத்துவர் எழுதினர். கவசத்திற்கு ஈடாக நம் பிள்ளைகளுக்குப் புத்தக மூட்டை உள்ளது. ஆலங்குளத்திலிருந்தும் சுரண்டையிலிருந்தும் பேருந்தில் நின்றபடியே, நெகிழிப்பட்டை தோளில் அழுத்த, வியர்வை வழிய வரும் பிள்ளையின் தோளிலும் முதுகிலும் பரு தோன்றின் வியப்பென்ன? வீட்டிற்கு வந்ததும் சட்டை மாற்றி முதுகைக் கழுவுதல் நலம். உட்சட்டை பருத்தியாயிருத்தல் வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து நாள் முழுதும் பீடி சுற்றும் நம் பெண்மக்கட்கும் இதுவே கூறுவோம்.

இனிச் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டிய பகுதி. முதுகிற் காணும் புடைப்பெல்லாம் பருவல்ல. நம் தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை ஒன்றுண்டு. தேமலை உண்டாக்குவதும் அதுவே. வெப்பமும் வியர்வையும் மிக்க இடங்களில் அது மயிர்க்காலினுட் புகுந்து பருவைப் போன்ற சிறு புடைப்புகளைத் தோற்றுவிக்கும். அப்புடைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவின. முதுகிலும் தோளிலும் மார்பிலும் பரவியிருப்பன. எல்லாவற்றிற்கும் மேலாக, அரிப்பன. உண்மைப் பருவில் நோவு உண்டு. அரிப்பு அத்துணை இல்லை. கருமுனை அடைப்புகளும் பருவிலேயே காணப்படும். பூஞ்சைப் புடைப்பிற் காணப்படா. இவ்வேறுபாட்டை அறியாது, பருவென்று கருதிக் கிருமிக்கொல்லி மாத்திரைகளைத் திங்கட்கணக்கில் விழுங்கின், பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் பிற நுண்ணுயிர்கள் அழிந்து பூஞ்சை பெருகும்; நோய் வளரும். இப்பூஞ்சை கொழுப்பமிலங்களை உண்டு வாழ்வது. முதுகிற்கு எண்ணெய் பூசுவோர் அதற்கு விருந்து வைக்கின்றனர்! தோல் மருத்துவர் அப்புடைப்பைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியிற் கண்டு பூஞ்சையா அன்றா என்று கூறவல்லர். பூஞ்சையாயின் கீட்டோகோனசோல் சேர்ந்த கழுவுநீரை முதுகிற் பூசிச் சில நிமிடம் வைத்துக் கழுவச் சொல்வர். மிகின் உள்ளுக்கு மருந்து தருவர். பருவுக்குரிய மருந்து இதற்கு உதவாது. இதற்குரிய மருந்து பருவுக்கு உதவாது.

முன்னர்க் கூறுவோம் என்ற களிம்பின் கேட்டிற்கு வந்தோம். அரிப்பு, படர்தாமரை, கருமை, பரு என எது வரினும் மருந்துக்கடைக்குச் சென்று, ஒரு களிம்பு தாருங்கள் என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வாறு தரப்படும் குழாய்களுட் பலவற்றில் பீட்டாமெதசோன், குளோபிட்டசால் முதலிய ஸ்டீராய்டுகள் கலந்துள்ளன. பூசிய இரண்டு மூன்று நாளிற் சிவப்புத் தணியும், அரிப்பு அடங்கும், நிறமும் சற்று வெளுத்தாற்போற் தோன்றும். பூசியவர் மகிழ்ந்து பிறர்க்கும் கூறுவர். சில வாரம் கழித்து முதுகிலும் முகத்திலும் ஒரே அளவான செந்நிறப் புடைப்புகள் கூட்டமாய் எழும். தோல் மெலிந்து நரம்புகள் தெரியும். தோளிலும் அக்குளிலும் வரிவரியாய்த் தோல் கிழிந்தாற்போன்ற தழும்பு விழும். அது பின்னர் மறைவதில்லை. நிறுத்தினாலோ பழைய நோய் இருமடங்காய்ப் பொங்கும். அஞ்சி மீண்டும் பூசுவர்.

நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி, மணத்திற்கு மூன்று திங்கள் முன்னர்த் தோழி கூறிய களிம்பை முதுகிலும் கன்னத்திலும் பூசத் தொடங்கினாள். மணநாளன்று முதுகு தெளிந்திருந்தது. களிம்பை நிறுத்திய சின்னாளில் முதுகெல்லாம் கொதித்தெழுந்தது. புகுந்த வீட்டார் தொற்றுநோய் என்று ஐயுற்று அவள் படுக்கையைத் தனியே விரித்தனர். அப்பெண் பட்ட துன்பத்தை யாம் இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை. தோல் மருத்துவரின் பண்டுவத்தால் ஓராண்டிற் தேறினாள். தோளில் விழுந்த வரிகள் மட்டும் இன்றும் உள்ளன. பருவும் சரி, அக்களிம்பால் எழுந்த புடைப்பும் சரி, ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவன அல்ல என்பதைப் பெரியோர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தார் இக்களிம்புகளின் தவறான பயனை எதிர்த்துப் பல்லாண்டு போராடினர். 2018-ஆம் ஆண்டில் மைய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ஹெச் அட்டவணையிற் சேர்த்தது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. குழாயின்மேல் அச்சிட்ட மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பெயரின் ஈற்றில் சோன், சால், சோலோன் என்று வரின் மருத்துவரைக் கேளாது தொடாதீர்கள். முன்னரே பல திங்கள் பூசி வருவோர் அஞ்சித் திடீரென நிறுத்தாது, மருத்துவரிடம் காட்டி அவர் கூறும் முறையிற் படிப்படியாக விடுக.

அங்ஙனமாயின் பருவுக்கு உண்மை மருந்து யாது? மிகாத பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு என்பது நீண்ட நாளாகப் பயின்று தேர்ந்த மருந்து. நூற்றுக்கு 2.5 முதல் 5 பங்கு வரை அஃது உள்ள களிம்போ கழுவுநீரோ கிடைக்கின்றது. குளிக்கும்பொழுது முதுகிற் பூசி, இரண்டு முதல் ஐந்து நிமிடம் வைத்து, நன்கு கழுவிவிடுதல் எளிய முறை. நுண்ணுயிர் இம்மருந்துக்குப் பழகித் தப்புவதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. தொடக்கத்திற் தோல் சற்று வறண்டு எரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசிப் பழகிக்கொள்க. வண்ணத் துணியில் இது பட்டால் வெளுத்துவிடும். யாம் அறிந்த இல்லமொன்றில் மருமகளின் புதிய படுக்கைவிரிப்பு இவ்வாறு வெளுத்து, ஒரு கிழமை பேச்சற்றுப் போயிற்று. வெள்ளைத் துவாலையும் வெள்ளைப் பனியனும் வைத்துக்கொள்க. மருந்தை வெயிலிலும் சூடான வண்டியினுள்ளும் வைத்தலாகாது.

அடைப்பை நீக்குதற்கு அடாபலீன் என்னும் களிம்பை இரவிற் பூசச் சொல்வர். கருவுற்றோர் அதனை விலக்குதல் வேண்டும். கிளிண்டாமைசின் முதலிய கிருமிக்கொல்லிக் களிம்பைத் தனியே பூசின் கிருமி விரைவில் அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே பயன்படுத்துவர். பரு மிகின் டாக்சிசைக்கிளின் மாத்திரையை மருத்துவர் சில திங்கள் தருவர். அதனை உண்ணுங்கால் வெயில் தோலை எளிதிற் சுடும். கருவுற்ற மகளிர்க்கும் சிறு குழந்தைகட்கும் அது தகாது. எம்மருந்தாயினும் பயன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இன்று தோன்றும் பரு பல வாரங்கட்கு முன்னரே உள்ளே கருக்கொண்டதாதலின், பத்து நாளிற் பயனில்லை என்று மருந்தை மாற்றுவோர் எம்மருந்தாலும் பயன்பெறார். பரு ஆறியபின் எஞ்சும் கருநிறம் தானே மங்கும். அதற்குப் பல திங்கள் ஆகும். அதனைப் போக்குவதாகக் கூறும் வெளுப்புக் களிம்புகளிலேதான் முன்னர்க் கூறிய ஸ்டீராய்டு ஒளிந்து வருகின்றது.

ஆழ்ந்த கட்டிகளாய்ப் பருத்துத் தழும்பு விழுவோர்க்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை உண்டு. மிக வலிய மருந்து. பல்லாண்டு துன்புற்றோர் பலரைத் தேற்றியது. ஆனால் அதனை உண்ணும் பெண் கருவுற்றாற் குழந்தைக்குக் கொடிய உறுப்புக்குறைகள் நேரும். மருந்து உண்ணத் தொடங்குவதற்கு ஒரு திங்கள் முன்னிருந்து, நிறுத்தியபின் ஒரு திங்கள் வரை கருவுறாதிருத்தல் கட்டாயம். அன்னைமீர்! இதனை அவையிற் கூறுவது நாகரிகமன்று என்று சிலர் எண்ணலாம். மணப்பெண்ணின் தோல் தெளியவேண்டும் என்று மணத்திற்குச் சில வாரம் முன்னர் இம்மாத்திரையை எவரிடமோ பெற்று உண்ணும் வழக்கம் தோன்றியுள்ளதாகக் கேள்வியுறுகின்றோம். மணமான மறுதிங்களே கருவுறுதல் நம் குடும்பங்களிற் பெருமையாகவன்றோ பேசப்படுகின்றது? ஆதலின் கூறாதிருத்தலே தவறு. மணம் குறித்த பெண், அச்செய்தியை மருத்துவரிடம் ஒளியாது கூறல் வேண்டும். ஆடவராயினும் இதனை உண்ணும் காலத்தும் பின் ஒரு திங்களும் குருதிக்கொடை செய்தலாகாது.

உணவைப் பற்றிக் கேட்பார் பலராதலின் சிறிது கூறுவோம். எண்ணெய்ப் பண்டம் உண்டால் அவ்வெண்ணெயே பருவாய் வெளிப்படும் என்பது சரியன்று. விரைவிற் சருக்கரையாக மாறும் உணவே ஐயத்திற்குரியது. ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 15 முதல் 25 வயதுள்ள 43 ஆடவரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு அத்தகைய உணவைக் குறைத்து 12 வாரம் பார்த்தனர். அவர்க்குப் பரு மிகுதியாகக் குறைந்தது. இனிப்புநீர்ப் புட்டிகளையும் மைதாப் பரோட்டாவையும் குறைப்பதாற் கேடொன்றுமில்லை. செங்கோட்டை எல்லையிற் பரோட்டாக் கடையைக் காணும்பொழுது இவ்வுரை எத்துணைப் பேர்க்கு நினைவுவரும் என்று யாம் அறியோம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்கும் பொருட்டு ஊசியாகவும் மாத்திரையாகவும் தரப்படும் ஆண்மைச் சுரப்புநீர் மருந்துகள் வேறு செய்தி. அவை முதுகிற் கடும்பருவை எழுப்புவதோடு, இதயம், ஈரல், ஆண்மை மூன்றனையும் கெடுப்பன. பதினெட்டு வயது மகனின் தோள் சில திங்களிற் பெரிதாகி முதுகெல்லாம் கட்டி எழுந்தால், தந்தையர் அவன் பையைச் சோதித்துப் பார்ப்பதிற் பிழையில்லை.

சில நிலைகளிற் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லல் வேண்டும். முதுகிற் கட்டிகள் திடீரென உடைந்து புண்ணாகிக் காய்ச்சலும் மூட்டுநோவும் உடன்வரின் அது சாதாரணப் பருவன்று. பெண்மக்கட்கு மாதவிலக்கு முறைதவறி, முகத்தில் மயிர் மிகுந்து, உடன் பருவும் பெருகின் உட்சுரப்பின் குறையாதல் கூடும். காசநோய்க்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும் தரப்படும் மருந்துகளுட் சில பருவைப் போன்ற புடைப்பை உண்டாக்கும். அதனைக் கண்டு அம்மருந்துகளைத் தாமே நிறுத்துவோர் உயிர்க்கே ஊறு தேடிக்கொள்வர். மருந்து தந்தவரிடமே உரைத்தல் வேண்டும்.

பிள்ளைகளிடம் பேசும் முறையையும் மாற்றிக்கொள்வோமாக. குளிப்பதில்லையா என்று விருந்தினர் முன்னிலையிற் கேட்கும் மாமன்மார் நம் குடும்பங்களில் மிகுதி. பெண்பார்க்க வந்தவிடத்துப் பெண்ணின் கழுத்தையும் முதுகையும் உற்றுநோக்கும் பெரியம்மைமாரும் உளர். மறைக்கும் பிள்ளை மருத்துவரிடம் செல்லாது, கடைக்களிம்பையே நாடும். அன்னை தனியே அழைத்து, முதுகைக் காட்டு, மருந்து பூசிவிடுகின்றேன் என்று கூறின் போதும். கை எட்டாத இடத்திற்கு மருந்து பூச வீட்டில் ஒருவர் வேண்டுமன்றோ!

தென்காசி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. தலைமை அரசு மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது. அங்கிருந்து மேலிடத்திற்கு அனுப்பின், பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் தோல்நோய்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. கட்டணமில்லை. சித்த மருத்துவத்தை விரும்புவோர்க்குப் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. பட்டம் பெற்ற மருத்துவரையே நாடுக. சந்தையில் விற்கும் பெயரற்ற பொடிகளை நாடற்க. எவரிடம் செல்லினும், இதுகாறும் பூசிய களிம்புக் குழாய்களையும் உண்ட மாத்திரை அட்டைகளையும், வெறுங்குழாயாயினும் வெற்றட்டையாயினும், ஒரு பையிலிட்டு உடன் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் முதலிற் கேட்பது அதுவே.